பாலத்துக்கு ஒரு அரைமணி நேரம்

சிறுபாலங்கள் மேற்பார்வை வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டங்களுக்கு நேரம் குறித்துவந்தவள் மாவிஸ் என்ற ஒரே ஒரு அம்மாள். அவள் முறை எளிது. போனை எடுப்பாள், "செவ்வாக்கிழமை மீட்டிங், ஆட்டவா நேரம் ஒரு மணி, வந்துடுங்க" என்பாள், வைத்துவிடுவாள். வந்துவிடுவார்கள். வான்கூவரிலிருந்து செயின்ட் ஜான்ஸ் வரை ஐயாயிரம் கிலோமீட்டரில் சிதறிக் கிடந்த பன்னிரண்டு உறுப்பினர்களும் அவரவர் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திரையில் வந்து உட்காருவார்கள். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லாததால், இதில் ஏதோ பெரிய குறை இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

செப்டம்பரில் மாவிஸ் ஓய்வு பெற்றாள். கேக் வெட்டினார்கள். மறுநாளே ஆட்டவாவில் இருக்கும் வாரியத் தலைவர் கார்ல்டன் பிளேக்லி, பன்னிரண்டு பேரையும் திரையில் கூட்டிவைத்துப் பொறுப்புப் பகிர்வுத் திட்டத்தை அறிவித்தார். அந்தக் கூட்டத்துக்கு நேரம் குறித்தது மாவிஸ்தான், போவதற்கு முன்னால். அதனால்தான் அது நடந்தது.

"இத்தனை வருஷமா ஒரே ஒரு பெண்மணி தலையில இந்த பாரத்தைக் கட்டியிருந்தோம். அது அநியாயம்" என்றார் பிளேக்லி. அவருக்கு உருக்கமாகப் பேச வரும். "இனிமே நேரம் குறிக்கற பொறுப்பை நாம பன்னிரண்டு பேரும் பகிர்ந்துக்கப் போறோம். வாரத்துக்கு ஒருத்தர் முறை. ஒரு பாரத்தைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கினா, யார் தூக்கறாங்கன்னே தெரியாது. அதுதான் இதோட அழகு."

கூடவே ஒரு விதியும் வந்தது. தீர்மானம் போடும் கூட்டம் எதுவானாலும் தொடங்கும்போது பன்னிரண்டு பேரும் திரையில் இருந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் பகிர்வு முழுமையாகாதாம். கைதட்டினார்கள். ஒலியை அணைத்துவைத்துக்கொண்டு தட்டியதால் ஒன்றும் கேட்கவில்லை.

கைதட்டாமல் இருந்தவள் ரெஜைனாக் கிளையின் நெட்டா ஃப்ரீசன். அந்தக் கிளையில் இருந்த ஒரே ஆள் அவள்தான். பாலங்களைச் சோதிக்கிறவளும் அவளே, வாரிய உறுப்பினரும் அவளே, காபி மெஷினைக் கழுவுகிறவளும் அவளே. அதற்கு இரண்டு நாள் முன்னால் வில்லோ பெண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், 4471ஆம் எண் பாலத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். உத்திரத்தில் அவள் விரல் நுழைந்தது. இரும்பு உத்திரத்தில் விரல் நுழையக் கூடாது என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

அந்தப் பாலத்தின்மேல் தினமும் இரண்டு தடவை பள்ளிக்கூட பஸ் போகிறது. பதினொரு பிள்ளைகள். பாலத்தை மூட நெட்டாவுக்கு அதிகாரம் கிடையாது, வாரியம் கூடித் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் இல்லாமல் பஸ் சுற்றுவழியில் போனால், நாற்பது நிமிஷத் தாமதத்துக்கு டிரைவர்தான் பள்ளி நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மொத்தத்தில் அரைமணி நேர வேலை. மாவிஸ் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்திருக்கும்.

யாருக்கு எந்த வாரம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். நெட்டாவுக்குப் பன்னிரண்டாவது வாரம் விழுந்தது. 

முதல் வாரம் செயின்ட் ஜான்ஸ் கிளையின் ஜெரால்டின் பென்னி. நல்ல மனுஷி, யாரைப் பார்த்தாலும் 'கண்ணு' என்பாள். நெட்டா பாலத்தைப் பற்றிச் சொன்னதுமே புதன்கிழமை இரண்டரை மணி, எங்கள் ஊர் நேரம் என்று எல்லோருக்கும் எழுதினாள். செயின்ட் ஜான்ஸ் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் கடிகாரம் மற்ற ஊர்களைவிட அரைமணி பிசகித்தான் ஓடும். அது தெரிந்தவர்கள் ஆறு பேர் சரியாக வந்தார்கள். மற்ற ஆறு பேர் அந்த அரையைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணி, பெருந்தன்மையோடு தாங்களே திருத்திக்கொண்டார்கள். மூன்று பேர் இரண்டு என்று திருத்தினார்கள், மூன்று பேர் மூன்று என்று திருத்தினார்கள். முதல் மூவர் காத்திருந்து அலுத்துப் போனபின் நடு ஆறு பேர் வந்தார்கள். அவர்கள் அலுத்துப் போனபின் கடைசி மூவர் வந்தார்கள்.

"எங்க ஊர்ல மணி அப்படித்தான் கண்ணு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்படித்தான்" என்றாள் ஜெரால்டின் போனில். "இப்ப நான் எதுக்கு வருத்தம் தெரிவிச்சு அறிக்கை குடுக்கணுங்கறாங்க?"

அறிக்கை கொடுத்தாள். அறிக்கையை ஏற்பதா வேண்டாமா என்பதில் அடுத்த வாரம் முழுக்கப் போயிற்று.

மூன்றாவது வாரம் வான்கூவரின் டெஸ்மண்ட் லாவ். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். யாருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்பதற்கு முன்னால், அதை எப்படிக் கேட்டால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள முப்பத்து நாலு கேள்விகள் அனுப்பினார். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அதில் நாலு பேர், தங்களைக் கேட்காமல் இருப்பதே தங்களுக்குப் பிடிக்கும் என்று குறித்திருந்தார்கள். டெஸ்மண்ட் அந்த விருப்பத்தை மதித்து அவர்களைக் கேட்கவில்லை. கேட்காததால் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் வரவில்லை.

இதற்கிடையில் ஒரெஸ்ட் கொஸ்டியுக் போன் பண்ணினார். வில்லோ பெண்ட் பஸ்ஸின் டிரைவர், அறுபத்து மூன்று வயசு.

"ஏம்மா நெட்டா, பாலத்துக்கு அடியில படுத்து ஏதோ பாத்தியாமே. ஊர்ல பேசிக்கறாங்க. நான் வண்டிய ஏத்தட்டுமா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு."

"ஏத்தாதீங்க ஒரெஸ்ட்."

"எழுதிக் குடுப்பியா?"

நெட்டாவால் எழுதிக் கொடுக்க முடியாது. அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி விடு" என்றார் ஒரெஸ்ட். "நான் ஒண்ணு பண்றேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் புள்ளைங்கள எறக்கி விட்டுடறேன். அதுங்க நடந்து போகட்டும். வெறும் வண்டிய நான் ஓட்டிட்டு அந்தப் பக்கம் வந்து ஏத்திக்கறேன்."

"நீங்க?"

"நான் என்ன, கெழவன். ஆனா மைனஸ் இருபத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா புள்ளைங்கள எறக்கக் கூடாதுன்னு பள்ளிக்கூடத்து உத்தரவு இருக்கு. அதுக்குள்ள உங்க ஆளுங்கள ஒரு முடிவுக்கு வரச் சொல்லு."

அதிலிருந்து தினமும் பதினொரு பிள்ளைகள் புத்தகப் பையோடு பாலத்தை நடந்து கடந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. நெட்டா ரெஜைனாவில் உட்கார்ந்து வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்தாள், எழுந்து நடந்தாள், கழுவிய காபி மெஷினையே மறுபடி கழுவினாள்.

நவம்பர் முதல் வாரத்தில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள். ரெஜைனா இருக்கும் சஸ்காச்சவன் மட்டும் திருப்பாது, அந்த மாகாணத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்த வாரம் முறையில் இருந்த ஆட்டவாவின் இன்னொரு உறுப்பினர் கூட்டத்தை இரண்டு மணிக்கு வைத்து, ரெஜைனாவில் அது பன்னிரண்டு என்று அக்டோபரிலேயே கணக்குப் போட்டு எழுதியிருந்தார். நெட்டா பன்னிரண்டுக்கு வந்தாள். முக்கால் மணி நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரி, இன்றைக்கும் இல்லை என்று சாப்பிடப் போனாள். ரெஜைனாவில் ஒரு மணிக்கு, அதாவது ஆட்டவாவில் இரண்டுக்கு, மற்ற பதினொரு பேரும் வந்தார்கள், திட்டம் வந்தபின் முதல் தடவையாக. உறுப்பினர் ஃப்ரீசன் வராததால் கூட்டம் கலைந்தது என்று குறிப்பு எழுதினார்கள். பாலத்தைப் பற்றி ரெஜைனாவுக்கு அக்கறை இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

அந்த வரியைப் படித்த நெட்டாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. உடனே உட்கார்ந்து பிளேக்லிக்கு எழுதினாள்: இனிமேல் பன்னிரண்டு பேருடைய முறையையும் நானே செய்கிறேன், தயவுசெய்து விடுங்கள்.

பிளேக்லி அவளைத் திரைக்குக் கூப்பிட்டார். முகத்தில் அவ்வளவு பரிவு.

"நெட்டா, எல்லார் முறையையும் நீங்களே எடுத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்க. நல்ல மனசுதான். ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு. நீங்க பாட்டுக்கு செஞ்சு முடிச்சுட்டீங்கன்னா, மத்தவங்களுக்கு அந்த வாய்ப்பு போயிடும் இல்லையா?"

"அவங்க செய்யலையே கார்ல்டன்."

"செய்யாம இருக்கற பொறுப்பும் அவங்களோடதுதான். அதை நீங்க பறிக்கக் கூடாது."

"அந்தப் பாலத்து மேல பஸ் போகுது."

"நான் பாலத்தைப் பத்திப் பேசல. மனுஷங்களைப் பத்திப் பேசறேன்" என்றார் பிளேக்லி.

அவள் செய்ததற்கு வாரியத்தில் ஒரு பெயர் இருந்தது: பொறுப்பைப் பதுக்குதல். அதற்கு அரைநாள் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடிதம் வந்தது. பயிற்சிக்கு நேரம் குறிக்க வேண்டியவர் அந்த வாரம் லீவில் இருந்ததால், அந்த மட்டில் தப்பித்தாள்.

நவம்பர் கடைசியில் பகிர்வைப் பற்றிய மனப்பகிர்வு என்று ஒன்று வைத்தார்கள். அது தீர்மானம் போடும் கூட்டமில்லை என்பதால் எத்தனை பேர் வந்தாலும் நடக்கும், ஆகவே நடந்தது. தன் முறை வந்தபோது என்ன உணர்ந்தேன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஹாலிஃபாக்ஸ்காரர் கண்கலங்கினார். அவர் தன் வாரத்தில் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை, அந்த வாரம்தான் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது என்று பலரும் பாராட்டினார்கள். நெட்டாவின் முறை வந்ததும் "எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

"அருமை" என்றார் பிளேக்லி. "இவ்வளவு வெளிப்படையாச் சொன்னதுக்கு நன்றி."

டிசம்பர் நடுவில் அவளுடைய பன்னிரண்டாவது வாரம் வந்தது. மூன்று மாதம் அந்த ஒரு வாரத்துக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனை எடுத்தாள். மாவிஸ் மாதிரியே சொல்லிப் பார்த்தாள்: "வியாழக்கிழமை மீட்டிங், ஆட்டவா நேரம் ஒரு மணி, வந்துடுங்க." எதிர்முனையில் ஒவ்வொருவரும் திகைத்துப்போனார்கள். இப்படி நேரடியாகப் போன் பண்ணுவது பகிர்வு முறைக்கு ஒத்துவருமா என்று கேட்டார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் ஹாக்கிப் பயிற்சி, இன்னொருவருக்கு அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஊறுகாய் வாங்கும் பொறுப்பு. புதன்கிழமை பிளேக்லியே எழுதினார்: விடுமுறைக் காலம் என்பதால் நெட்டாவின் முறை ஜனவரிக்கு நீட்டிக்கப்படுகிறது, அவர் நிதானமாகச் செய்யலாம்.

ஜனவரி இரண்டாவது வாரம் வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. புதன்கிழமை சாயங்காலம் ஒரெஸ்ட் கூப்பிட்டார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"இன்னிக்கு மைனஸ் முப்பத்தொண்ணும்மா. புள்ளைங்கள எறக்க முடியல. எல்லாரையும் உள்ள வெச்சுக்கிட்டே ஓட்டிட்டேன். நடுவுல போறப்ப அடியில இரும்பு முறியற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு பாரு. சின்னதுங்க பாட்டுப் பாடிக்கிட்டிருந்துச்சுங்க, அதுங்களுக்குக் கேக்கல."

 வியாழக்கிழமை காலை இருட்டு பிரியுமுன் நெட்டா வாரியத்தின் டிரக்கை எடுத்துக்கொண்டு நூற்று முப்பது கிலோமீட்டர் ஓட்டினாள். பாலத்தின் வாயில், இரண்டு பக்கத் தடுப்புக்கும் நடுவில், டிரக்கைக் குறுக்கே நிறுத்தினாள். பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மறுபக்கத்துக்குப் பனித்தடுப்பு வலையை இழுத்துக் கட்டினாள். எட்டு மணிக்கு பஸ் வந்தது. ஒரெஸ்ட் கண்ணாடியை இறக்கி டிரக்கையும் அவளையும் பார்த்தார்.

"இது என்ன, தீர்மானமா?"

"வண்டி கெட்டுப் போச்சு. நீங்க சுத்திப் போங்க" என்றாள் நெட்டா. அவளையும் ஏற்றிக்கொண்டு பஸ் சுற்றுவழியில் போயிற்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆட்டவாவிலிருந்து கடிதம் வந்தது. வாரியத்தின் வண்டியை அனுமதியின்றி நிறுத்தியது, திறந்திருக்கும் பாலத்தைத் தீர்மானமின்றி அடைத்தது ஆகியவை குறித்து உறுப்பினர் ஃப்ரீசன்மீது விசாரணைக் கூட்டம் நடைபெறும். இந்த வாரம் யாருடைய முறையோ அவர் நேரம் குறிக்கவும்.

முறை நெட்டாவுடையது.

அவள் எழுதினாள்: செவ்வாய், ஆட்டவா நேரம் ஒரு மணி, என்னை விசாரிக்க. அனுப்பிவிட்டுக் காபி ஊற்றிக்கொண்டு திரும்பினாள். நாலு நிமிஷத்துக்குள் பதினொரு பேரும் வருகிறோம் என்று பதில் போட்டிருந்தார்கள். ஹாக்கி இல்லை, லீவு இல்லை, ஊறுகாய் இல்லை. லீவில் ஹவாயில் இருந்த ஒருவர் கடற்கரையிலிருந்து வருவதாக எழுதியிருந்தார். நெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு மாதம், ஒரு பாலத்துக்கு அரைமணி நேரம் கிடைக்காத ஜனங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு ஒரெஸ்ட் கூப்பிட்டார். சுற்றுவழி திரும்புகிற இடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்.

"போயிடுச்சும்மா. இப்பத்தான். நாங்க பாத்துக்கிட்டே இருக்கோம், நடுவுல ஒடிஞ்சு ஓடைக்குள்ள போயிடுச்சு. உன் டிரக்கு மட்டும் அங்கயே நிக்குது."

"பஸ்ல யார் யார் இருக்காங்க ஒரெஸ்ட்?"

"பதினோரு பேரும்."

"பேர் சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். 

மத்தியானம் கூட்டம் குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. பன்னிரண்டு சதுரத்தில் பன்னிரண்டு முகம். பிளேக்லிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"திட்டம் வந்ததுக்கப்புறம் முதல் முழு வருகை. பகிர்வு வேலை செய்யுதுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "காலையில பாலம் விழுந்த செய்தி எல்லாருக்கும் வருத்தம். ஆனா அது வேற விஷயம். வியாழக்கிழமை அந்தப் பாலம் நல்லா நின்னுக்கிட்டிருந்தப்ப அதை அடைச்சது ஏன்ங்கறதுதான் இன்னிக்கு விஷயம்."

"பதிவேட்டுப்படி அது இப்பவும் திறந்த பாலம்தான்" என்றார் டெஸ்மண்ட் லாவ், எதையோ புரட்டிப் பார்த்து. "அப்படின்னா திறந்த பாலத்தை அந்த டிரைவர் வியாழன்லேர்ந்து ஏன் உபயோகிக்கல? அவர்கிட்டயும் விளக்கம் கேட்கணும்."

"உபயோகிச்சிருந்தா செத்துப் போயிருப்பாங்க கண்ணு" என்றாள் ஜெரால்டின்.

"அது ஊகம், ஜெரால்டின்" என்றார் பிளேக்லி. "ஊகத்தை வெச்சு ஒரு வாரியம் இயங்க முடியாது."

இருபத்தைந்து நிமிஷம் இப்படியே போயிற்று. நெட்டாவுக்குக் கண்டனக் கடிதம் என்று ஒருமனதாக முடிவாயிற்று, ஜெரால்டின் மட்டும் வாக்களிக்கவில்லை. டிரைவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் என்பது பாக்கி. கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பிளேக்லி கேட்டார்.

"டிரைவர்கிட்ட விளக்கம் கேக்கணும்னா, காலைல அவர் வண்டியில யார் யார் இருந்தாங்கன்னு தெரியணும்ல" என்றாள் நெட்டா. காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தாள். "தாரியா மெல்னிக், ஒன்பது வயசு. அவ தம்பி லூக்கா மெல்னிக், ஆறு வயசு. ஷைலா பேர்ட், பன்னெண்டு. கோல்ட்டன் பேர்ட், ஏழு."

நாலாவது பெயரில் அரைமணி முடிந்தது. சக ஊழியரின் நேரத்தை மதிக்க எந்தக் கூட்டமும் அரைமணிக்குமேல் போகக் கூடாது என்பது வாரியத்தில் எல்லோரும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் ஒரே விதி. சதுரங்கள் ஒவ்வொன்றாக இருண்டன. ஹவாய் போயிற்று, ஹாலிஃபாக்ஸ் போயிற்று, வான்கூவர் போயிற்று. பிளேக்லி "மீதிய எழுத்துல குடுத்துடுங்க" என்று எழுந்து சாப்பிடப் போனார். போகும் அவசரத்தில் கேமராவை அணைக்கவில்லை, அவர் நாற்காலி மட்டும் திரையில் சுழன்று நின்றது.

நெட்டா காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"படி கண்ணு" என்றாள் ஜெரால்டின். அவள் போகவில்லை. "நான் கேக்கறேன்."

நெட்டா மீதி ஏழு பெயரையும் படித்தாள். கடைசியில் ஒரெஸ்ட் கொஸ்டியுக், அறுபத்து மூன்று என்று சேர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, 4471ஆம் எண் பாலம் போன வியாழக்கிழமை முதல் மூடப்பட்டது, டிரைவரிடம் விளக்கம் எதுவும் கேட்பதில்லை என்று ஒரு தீர்மானம் சொன்னாள். ஜெரால்டின் வழிமொழிந்தாள். கூட்டம் தொடங்கும்போது பன்னிரண்டு பேரும் இருந்தார்கள், அது முடிந்தது என்று யாரும் அறிவிக்கவுமில்லை. ஆட்சேபணை உண்டா என்று நெட்டா நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள். ஒரு நிமிஷம் பொறுத்தும் பார்த்தாள்.

நேரம் குறித்தவரே கூட்டக் குறிப்பையும் எழுத வேண்டும். ஒரு நாளைக்குள் யாரும் மறுக்காவிட்டால் குறிப்பு ஏற்கப்பட்டதாகிவிடும். நெட்டா நடந்ததை நடந்தபடி, பெயர்கள், வயது, தீர்மானம் எல்லாவற்றோடும் ஒன்றரைப் பக்கம் எழுதி, பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள். மறுநாள் மத்தியானம் வரை எவரும் வாயைத் திறக்கவில்லை. படித்தால்தானே.

புதன்கிழமை இரண்டரை மணிக்கு, வில்லோ பெண்ட் ஓடைக்குள் கிடந்த பாலம் முறைப்படி மூடப்பட்டது.